மஞ்சள் தெளிச்ச வீட்டுல மோப்பு போட்ட கதை

போன வாரம், என்கிட்ட வேலை கத்துக்க வந்த உங்கள்ல ஒருத்தி கேட்டா. பேர் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும். "அக்கா, தரை கழுவுற தண்ணி பாட்டில்ல எதுக்கு இந்த வரி? 'மஞ்சள் தெளிச்ச எடத்துல போடாதீங்க, செவந்துடும்.' இருக்கற எடமே பத்தல. இத எடுத்துட்டா ஒரு பூ படம் பெருசா போடலாம் லா." கேட்டுட்டு சிரிச்சா. கூட நின்ன ரெண்டு பேரும் சேந்து சிரிச்சாங்க.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ஆனா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. முட்டி வலி வேற. கோபமும் வலியும் சேந்தா நான் பேசுறது பேச்சாவே இருக்காது, என் வீட்டுக்காரரக் கேட்டா சொல்வாரு. அதான் இன்னைக்கு ஆற அமர வந்திருக்கேன். கையில இருக்கற புனலை கீழ வச்சுட்டு கேளுங்க. தோங்கு டிரம்முல இருக்கற தண்ணி எங்கயும் ஓடிப்போகாது.

எத்தனை கரண்டி வாஷிங் சோடா, எவ்வளவு செராய் புல்லு எண்ணெய்ன்னு என்கிட்ட கேக்காதீங்க. அதெல்லாம் சுவத்துல ஒட்டி வச்சிருக்கு, கண்ணு இருந்தா படிச்சுக்கலாம். அளவு தப்பினா நுரை வராது, இல்ல கை அரிக்கும், மறுநாள் சரி பண்ணிக்கலாம். இந்த வேலையில மாட்டிக்கற எடம் அது இல்ல.

இப்ப போன்ல ஒரு வீடியோ சுத்துது, பாத்திருப்பீங்க. ஒரு பொண்ணு நல்லா மேக்கப் போட்டுக்கிட்டு, சோடா மாவுல வினிகரை ஊத்தி, பொங்குது பாருங்க, அழுக்கெல்லாம் பறந்துடும்ங்கறா. பொங்குனா போதும், நம்ம ஆளுங்களுக்கு நம்பிக்கை வந்துடும். பொங்கி முடிஞ்சதும் மிச்சம் இருக்கறது உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணு, அதுல அழுக்கு எங்க போகும்? சோடாவுக்கு ஒரு வேலை, வினிகருக்கு ஒரு வேலை, ரெண்டையும் ஒண்ணா போட்டா ரெண்டும் வேலைய விட்டுட்டு சண்டை போட்டுக்கும். இதச் சொன்னா, "அக்காவுக்கு வயசாயிடுச்சு, வீடியோ பாக்கத் தெரியல"ன்னு சொல்றாங்க. இன்னொருத்தி அதே வினிகரை ப்ளீச் கூட கலந்து, மூச்சு முட்டி கிளினிக்குக்கு ஓடினா. அப்பவும் திட்டு வாங்கினது நான்தான், நான் விக்கவே விக்காத ப்ளீச்சுக்கு.

ஏன் இதச் சொல்றேன்னா, சனங்களுக்கு கண்ணால பாத்தா போதும்னு ஒரு நெனப்பு. பொங்கினத பாத்தா சுத்தம். செவந்தத பாத்தா செய்வினை. அந்த ரெண்டாவதுதான் இந்த கதை.

கிள்ளான்ல ஒரு தாமான் குடியிருப்பு. பேரு வேணாம். ஒரே வரிசையா ஒட்டி ஒட்டி கட்டின லிங்க் வீடுங்க, அதுல பாதி வீட்டுக்கு என் தண்ணிதான். கம்போங் மேடான் பிளாட்டுல என் குசினி அடுப்புல காய்ச்சி, பழைய பாட்டிலை கழுவி ஊத்தி, நானே வேன்ல கொண்டு போய் குடுத்துட்டு காலி பாட்டிலை வாங்கிட்டு வருவேன். கடையில வாங்குறதுல பாதி வெலை கூட ஆகாது. தரையும் பளிச்சுன்னு இருக்கும், செராய் வாசத்துக்கு கொசுவும் கொஞ்சம் ஒதுங்கும். எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்த வரிசையில ஒரு வீடு புஷ்பாக்கா வீடு. புருஷனுக்கு சொந்தமா லோரி ஓடுது. புஷ்பாக்கா நல்ல மனுஷிதான், அத நான் இல்லைன்னு சொல்லல. போனா சும்மா அனுப்ப மாட்டாங்க, ஒரு டம்ளர் தேத்தண்ணியாவது குடிச்சுட்டுத்தான் வரணும். அவங்க வீட்டுல வேலைக்கு இருந்தது செல்வி. பட்டுக்கோட்டை பக்கம் ஊரு. ஏஜென்ட் மூலமா வேலை பெர்மிட் போட்டு கடல் தாண்டி வந்தவ. ஊர்ல புருஷன் இல்ல, ஒரே பொண்ணு, அம்மா வீட்டுல விட்டுட்டு வந்திருந்தா. நான் பாட்டில் கொண்டு போறப்பல்லாம் போன்ல பொண்ணு படத்தக் காட்டுவா. "கல்யாண வயசு வந்துடுச்சு அக்கா, நான் நாலு காசு சேத்துட்டு போகணும்"னு சொல்வா. வாய்க்கு வாய் அம்மா, அம்மான்னு புஷ்பாக்காவ கூப்பிடுவா. "வரேம்மா", "இதோம்மா", "சரிம்மா." எனக்கே சில நேரம் போதும்டின்னு இருக்கும்.

நான் சொல்ற அன்னைக்கு புஷ்பாக்கா மகளுக்கு நிச்சயம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதா இருந்துச்சு. இதுக்கு முன்னால ஒரு எடம் வந்து, பேச்செல்லாம் முடிஞ்சு, கடைசி நேரத்துல கலஞ்சு போச்சு. ஏன்னு கடைசி வரைக்கும் அந்த வீட்டுக்காரங்க சொல்லல. புஷ்பாக்காவுக்கு அது நெஞ்சுல முள்ளாவே இருந்துச்சு. யாரு கண்ணு பட்டுச்சோ, யாரு என்ன செஞ்சாங்களோன்னு அப்பப்ப சொல்வாங்க. அந்த பயம் எனக்கு புரியுது. பெத்தவங்களுக்கு பயம் வராம இருக்காது. என் கோபம் பயத்து மேல இல்ல.

அன்னைக்கு காலையில புஷ்பாக்கா எழுந்து, நல்ல காரியம் நடக்கப் போற எடம்னு ஹால் முழுக்க மஞ்சத்தண்ணிய நல்லா கெட்டியா கரைச்சு தெளிச்சிருக்காங்க. தெளிச்சுட்டு குளிக்கப் போயிட்டாங்க. செல்வி அப்ப பின்னால துணி தொவச்சுக்கிட்டு இருந்தா, அவளுக்கு இது தெரியாது. உள்ள வந்து பாத்தா வெள்ளை டைல்ஸ் மேல மஞ்சள் மஞ்சளா சொட்டு. விருந்தாளி வர்ற நாளாச்சே, கறையா நிக்குதேன்னு, என் தண்ணிய வாளியில நல்லா தாராளமா ஊத்தி மோப்பு போட்டிருக்கா.

அப்புறம் என்ன? தரை செவந்து போச்சு. மோப்பு செவந்து போச்சு. வாளித் தண்ணி செவந்து போச்சு.

நான் இதெல்லாம் பின்னால சேத்து வச்சு புரிஞ்சுக்கிட்டது. நான் போய் எறங்கினப்ப பாத்தது வேற. கேட் தொறந்து கெடக்கு. பக்கத்து வீட்டு ஆன்டி உள்ள நிக்கறாங்க, எதுத்த வீட்டுலேந்து ரெண்டு பேரு வேலியோரம் நின்னு எட்டிப் பாக்கறாங்க. கார் நிறுத்துற எடத்துல செல்வி வெறுங்காலோட, மோப்பு கட்டையக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அவ காலடியில அவ பை தொறந்து, உள்ள இருந்தது எல்லாம் சிமெண்டுல கொட்டிக் கெடக்கு. சேலை, நைட்டி, உள்பாவாடை, அதுக்குள்ள போடுறது வரைக்கும். தெருவே பாக்குது.

"என்னாக்கா ஆச்சு?"

"நீயே வந்து பாரு," ன்னாங்க புஷ்பாக்கா. தலை ஈரம் கூட காயல. "என் வீட்டுல சோறு தின்னுட்டு என் பொண்ணுக்கு செஞ்சு வச்சிருக்கா பாரு. ரத்தம் மாதிரி ஊறி வருது தரையில. பையில மந்திரிச்ச சாமான் இருக்கு."

மந்திரிச்ச சாமான் என்னான்னு பாத்தேன். ஒரு பொட்டலம் திருநீறு, ஒரு கறுப்புக் கயிறு. அவ ஊர் கோயில்ல குடுத்தது. ஏன்டி, திருநீறு எந்த வீட்டுல இல்ல? புஷ்பாக்கா வீட்டு சாமி மேடையில ஒரு கிண்ணம் நெறைய இருக்கு. அவங்க கையிலயே கயிறு இருக்கு. அங்க இருந்தா பக்தி, வேலைக்காரி பையில இருந்தா செய்வினை. கேக்கறவன் கேனயனா இருந்தா எருமை மாடு ஏரோப்ளேன் ஓட்டுமாம்.

"ஏஜென்ட்டுக்கு போன் போட்டுட்டேன்," ன்னாங்க. "இப்ப வருவாரு. இவள இன்னைக்கே கூட்டிட்டு போயிடணும். எதுக்கு அனுப்பறேன்னு எல்லாருக்கும் தெரியணும். இனிமே எந்த வீட்டுலயும் இவள வைக்கக் கூடாது." அத குசினியில சொல்லல. கேட்டுகிட்ட நின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க.

செல்வி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நான் ஒண்ணும் செய்யலம்மா." அவ்வளவுதான். அழக் கூட இல்ல.

ஹாலுக்குள்ள போய் பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கே ஒரு நிமிஷம் ரத்தம்னுதான் தோணுச்சு. வெள்ளைத் தரையில மோப்பு போன வழியெல்லாம் செவப்பு. அப்புறம்தான் மூக்குல செராய் வாசம் அடிச்சுது. அது என் தண்ணி. குனிஞ்சு சோபா அடியில பாத்தா, மோப்பு எட்டாத எடத்துல சொட்டு சொட்டா மஞ்சள் அப்படியே மஞ்சளா இருக்கு. எனக்கு புரிஞ்சு போச்சு. மஞ்சள்ல காரம் பட்டா செவக்கும், சோடா காரம். இதுல ஒரு மந்திரமும் இல்ல.

இப்ப நல்லா கேளுங்க. புரிஞ்ச அந்த நிமிஷத்துல எனக்கு வாய் தொறக்க வரல. ஏன் தெரியுமா? பக்கத்து வீட்டு ஆன்டி அப்பவே ஆரம்பிச்சுட்டாங்க, "அந்த தண்ணியில என்ன கலந்து வச்சாளோ" ன்னு. தண்ணி என்னோடதுன்னு சொன்னா அடுத்த கல்லு என் மேல விழும். அந்த வரிசையில பாதி வீடு நான் பிடிச்சு வச்ச வியாபாரம். பாட்டிலை எறக்கி வச்சுட்டு, "நீங்க பேசி முடிங்கக்கா, நான் அப்புறம் வரேன்"னு கெளம்பியிருந்தா யாரும் என்னை ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நிமிஷம் வரும். நம்ம சாமான் ஒரு வீட்டுக்குள்ள போய் எதையாவது செஞ்சு வச்சிருக்கும், பழி வேற யாரு தலையிலயோ விழுந்திருக்கும். அப்ப யோசிக்க ஆரம்பிச்சீங்கன்னா கெட்டீங்க. யோசிச்சா கால் கேட்டுப் பக்கம்தான் போகும்.

"அது என் தண்ணிக்கா," ன்னேன். "செல்வி ஒண்ணும் செய்யல. மஞ்சள்ல என் சோடா பட்டு செவந்திருக்கு."

சொன்னதுக்கு பலன் உடனே கெடச்சுது. வாங்கிட்டிருந்த வீட்டுல பாதி அதுக்கப்புறம் என் பாட்டிலைத் தொடல. போகட்டும், அது வேற பொலம்பல்.

புஷ்பாக்கா நம்பல. "சோடா போட்டா செவக்குமா? இத்தனை நாளா இதத்தானே போடறோம்? ஒரு நாளும் செவக்கலியே?" நியாயமான கேள்விதான். ஒரு நாளும் மஞ்சத்தண்ணி தெளிச்ச கையோட யாரும் மோப்பு போட்டதில்ல.

எனக்கு அவசரம். ஏஜென்ட் வண்டி எந்த நேரமும் வந்துடும். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, கண்ணால காட்டிடுவோம்னு நெனச்சேன். வாசப்படி பக்கத்துல ஒரு தட்டுல எலுமிச்சம்பழம் வெட்டி குங்குமம் தடவி வச்சிருந்தாங்க, திருஷ்டி கழிப்புக்காக. மஞ்சள் காரத்துல செவக்கும், புளிப்பு பட்டா திரும்ப மஞ்சளாயிடும். குங்குமத்த தொடச்சுட்டு அந்த பழத்த எடுத்து, எல்லாரும் பாருங்கன்னு சொல்லி, செவப்பு தரையில புழிஞ்சேன்.

செவப்பு அப்படியே மங்கி மஞ்சளாச்சு. நான் பெருமையா நிமிந்து பாக்கறேன்.

பக்கத்து வீட்டு ஆன்டி கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. "பாத்தியா புஷ்பா, எலுமிச்சம்பழம் பட்டதும் எறங்கிடுச்சு பாரு. செய்வினைதான், சந்தேகமே இல்ல." புஷ்பாக்கா கன்னத்துல போட்டுக்கிட்டு, "தாயே, மிச்சத்தையும் எறக்கிடு" ன்னு அடுத்த பழத்த வெட்ட கத்தியத் தேடுறாங்க.

நான் என்னன்னு சொல்றது? யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட கதைதான். அந்த வீட்டுல எலுமிச்சம்பழம்னா அது வெறும் புளிப்பு இல்ல. அது யாருகிட்ட இருந்து எதை எடுக்க வச்சிருக்காங்கன்னு எனக்கு தெரியும், நானும் அதே கோயிலுக்கு போற ஆளுதான். தெரிஞ்சும் அந்த பழத்தையே போய் எடுத்தேன் பாருங்க. வாசல்ல செல்வி என்னைப் பாத்தா. என்னை ஏன்க்கா இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுறீங்கன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணுல காட்டினா போதும்னு நெனக்காதீங்க. பாக்கறவங்க மனசுல ஏற்கெனவே என்ன உக்காந்திருக்கோ அதுதான் கண்ணு வழியா பாக்கும்.

அப்புறம் கொஞ்சம் மூச்சு விட்டேன். பேசாம குசினிக்குள்ள போனேன். தண்ணி குடிக்கத்தான் போனேன். அங்க மேடையில பெரிய தாம்பாளம், மேல வாழை இலை மூடியிருக்கு. இலையத் தூக்கிப் பாத்தா ஆராத்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு சுத்திப் போட காலையிலயே கரைச்சு வச்சிருக்காங்க. செக்கச் செவேல்னு.

எனக்கு சிரிப்பு வரல. நெசமா சொல்றேன், எனக்கு கண்ணு எரிஞ்சுது. தாம்பாளத்த ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து ஹால்ல, அந்த செவந்த தரைக்கு பக்கத்துலயே வச்சேன்.

"அக்கா, இது ஏன் செவப்பா இருக்கு?"

"ஆராத்திடி. செவப்பாதான் இருக்கும்."

"எதப் போட்டு செவந்துச்சு?"

"மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டேன்."

"சுண்ணாம்பு காரம். என் சோடாவும் காரம். மஞ்சளும் உங்க வீட்டு மஞ்சள்தான். ரெண்டு செவப்பையும் பாருங்க. எது ஆராத்தி, எது செய்வினை?"

புஷ்பாக்கா ரெண்டையும் பாத்தாங்க. அவங்களுக்கு புரிஞ்சு போச்சு, எனக்கு தெரியும். முகத்துல தெரிஞ்சுது. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாத எடம். புரியாம பேசுறவங்க மேல எனக்கு கோபம் வராது. புரிஞ்ச பிறகும் ஒருத்தர் என்ன பேசுறாங்கன்னு கேளுங்க.

"அது வேற லா," ன்னாங்க. "இது நான் கலக்கினது."

இது நான் கலக்கினது. அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்கு எல்லாம் வெளங்கிடுச்சு. செவப்புல பிரச்சனை இல்ல. யாரு கை பட்டு செவந்துச்சுங்கறதுதான் பிரச்சனை. வீட்டுக்காரி கை பட்டா மங்களம், பெர்மிட்டுல வந்தவ கை பட்டா மாந்திரீகம். இதுக்கு எலுமிச்சம்பழமும் வேணாம், சோடாவும் வேணாம், எந்த பாட்டில்ல எதை எழுதினாலும் இந்த கறை போகாது. நான் அப்ப கத்தினேன். நல்லாவே கத்தினேன்.

"சரிக்கா, கைதானே கணக்கு? மஞ்சள் தெளிச்ச கை உங்க கை. சோடாத் தண்ணி காய்ச்சின கை என் கை. அவ நடுவுல மோப்புதான் பிடிச்சா. செய்வினைன்னா அத நீங்களும் நானும் சேந்துதான் உங்க பொண்ணுக்கு வச்சிருக்கோம். ஏஜென்ட் வரட்டும். நம்ம ரெண்டு பேரும் வண்டியில ஏறிப் போவோம், வாங்க."

பக்கத்து வீட்டு ஆன்டி மெல்ல வெளிய நழுவிட்டாங்க, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டாங்க. ஆனா வீட்டுக்குள்ள போகல, காது இந்தப் பக்கம்தான். புஷ்பாக்கா சோபாவுல உக்காந்து ரெண்டு கையாலயும் முகத்த மூடிக்கிட்டாங்க. "இன்னொரு தடவை கலஞ்சு போச்சுன்னா என் பொண்ணு தாங்க மாட்டாடி" ன்னாங்க. அழுதாங்க. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. பாவம் பாத்தாலும் கோபம் போகல, ரெண்டும் ஒண்ணாவே உள்ள கெடந்துச்சு.

அந்த நேரம் பாத்து ஏஜென்ட் வண்டி வந்து நின்னுச்சு.

அந்த ஆளு கேட்டுகிட்ட வந்து, சாவிய விரல்ல சுத்திக்கிட்டே, "என்னாக்கா, சாமியாடினாளா?" ன்னு சிரிச்சுக்கிட்டு கேக்கறாரு. ஒருத்தி பொழப்பு போகப் போகுது, இவருக்கு தமாஷ். செல்விக்கு பெர்மிட் இந்த வீட்டுப் பேர்ல. இங்க இருந்து தொரத்தினா நேரா ஊருக்குத்தான். நமக்கு கோபம் வந்தா வேலைய விட்டுட்டு பஸ் ஏறி வீட்டுக்கு போயிடலாம். அவ வீடு கடலுக்கு அந்தப் பக்கம், போனா கூடவே அந்தப் பேரும் போய் சேரும்.

புஷ்பாக்கா எழுந்து கண்ணத் தொடச்சுக்கிட்டு கேட்டுக்கு போனாங்க. நானும் பின்னாலயே போனேன். ரொம்ப மெதுவா, ஏஜென்ட்டுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க. "ஒண்ணுமில்ல பாஸ். சின்ன விஷயம். பேசி முடிச்சுட்டோம். நீங்க போகலாம்."

"அப்ப சரி. நான் வேலையப் போட்டுட்டு ஓடி வந்தேன்." வண்டிப் பக்கம் திரும்பிட்டாரு.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. முடிஞ்சுது, அவ வேலை தப்பிச்சுது, நம்ம கெளம்பலாம்னு வேன் சாவியத் தேடுறேன். நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நெனச்சேன், அத மறைக்கல.

செல்வி நின்ன எடத்துலேந்து நகரல.

"அம்மா," ன்னா. "கொஞ்சம் முன்னால நீங்க சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சும்மா. இப்ப சொன்னது பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல."

ஏஜென்ட்டுக்கு கோபம் வந்துடுச்சு. "ஏய், அதான் சொல்லிட்டாங்கல்ல. வேலை இருக்குன்னு சந்தோஷப்பட்டு உள்ள போ லா."

நானும் 'சரி விடும்மா'ன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அவ என் பக்கம் திரும்பக் கூட இல்ல.

"இவரு நாளைக்கு நாலு வீட்டுக்கு போன் பேசுவாரும்மா. அந்த ஆன்டி சாயங்காலம் கோயிலுக்கு போவாங்க. எங்க ஊரு ஆளுங்க இங்க கிள்ளான்ல கடையில வேலை பாக்கறாங்க. செல்வி செய்வினைக்காரின்னு ஒரு வார்த்தை ஊர் போய் சேந்துட்டா, எம்பொண்ண யாரும்மா கட்டுவா? உங்க பொண்ணுக்கு நிச்சயம் நிக்கணும்னுதானே இவ்வளவும் பண்ணீங்க. எனக்கும் பொண்ணு இருக்கும்மா. சத்தமா சொன்னத சத்தமாத்தான் திரும்ப எடுக்கணும்."

அவ கேட்டது நியாயம்னு அங்க நின்ன எல்லாருக்கும் தெரிஞ்சுது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்டி, எதுத்தாப்புல அந்த ரெண்டு பேரு, ஏஜென்ட், நான். வேலைய காப்பாத்திக் குடுத்துட்டேன்னு மார்தட்ட இருந்தேன் பாருங்க, பேரை காப்பாத்தணும்னு எனக்கு தோணவே இல்ல. பிள்ளைங்களா, ஒருத்தர் மேல பழி விழுந்தா அத எந்த எடத்துல போட்டாங்களோ அந்த எடத்துலயே எடுக்க வைங்க. குசினியில கேக்கற மன்னிப்பு குசினியோட போயிடும்.

புஷ்பாக்கா கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு தெரிஞ்சு அந்த அம்மா யாருக்கும் தலை குனிஞ்சு பேசினதில்ல.

"என் மஞ்சள்தான்," ன்னாங்க. "நான் தெளிச்ச மஞ்சள்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாம்மா."

"நான் தெளிச்ச மஞ்சள்தான் செவந்துச்சு. செல்வி ஒண்ணும் செய்யல. நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்." இப்ப தெருவுக்கே கேட்டுச்சு. எதுத்த வீட்டு ஆளுங்க உள்ள போயிட்டாங்க. ஏஜென்ட் சாவி சுத்துறத நிறுத்திட்டாரு.

செல்வி மோப்பு கட்டைய சுவத்துல சாத்தி வச்சா. கீழ உக்காந்து, சிமெண்டுல கெடந்த துணிய ஒண்ணொண்ணா எடுத்து, தூசியத் தட்டி, மடிச்சு பையில வச்சா. அவசரப்படல. திருநீறு பொட்டலத்த எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள வச்சா.

புஷ்பாக்காவுக்கு மனசு கேக்கல. கிட்ட வந்து, குனிஞ்சு, கீழ கெடந்த ஒரு சேலைய எடுத்துக் குடுக்க கையை நீட்டினாங்க.

"தொடாதீங்க," ன்னா செல்வி. அம்மான்னு சேக்கல.